தானியத் தொட்டிகளில் அடைப்பும் அதிர்வு யந்திரமும்

பத்தாயத்தின் அடிவாய்ப் பலகையை நீக்கியவுடன் நெல் தானே சரிந்து விழுவதைக் கண்டு பழகிய குடியானவர்களுக்கு, தொட்டி நிறையப் பொருள் இருந்தும் வாயில் ஒரு பிடியும் விழாமல் நின்றுவிடக்கூடும் என்பது வியப்பாகத் தோன்றும். ஆனால் நாமக்கல் பிரதேசத்துக் கோழித் தீவன ஆலைகளிலும், நெல் ஆலைகளிலும் வேலை செய்வோருக்கு இது அன்றாட அனுபவமாகும். நன்கு உலர்ந்த மக்காச்சோளம் பெரும்பாலும் தடையின்றி இறங்கும். தவிடு, மாவு, அரைத்த புண்ணாக்கு முதலிய நுண்பொருள்களே தொல்லை தருவன.

அடைப்பு இரு வகைப்படும். தொட்டியின் குறுகிய பாகத்தில் பொருள் ஒன்றோடொன்று இறுகி, கல்வளைவு போல் இரு சுவர்களிலும் ஊன்றி நிற்பது ஒருவகை. நடுவில் மட்டும் குழாய் போன்ற புழை விழுந்து, சுற்றிலும் உள்ள பொருள் சுவரோடு ஒட்டி நிற்பது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் தீவனம் வந்துகொண்டே இருப்பதால் எவரும் கவனிப்பதில்லை. ஆயின் சுவரோரத்தில் பல வாரங்கள் தங்கிய பழைய தீவனத்தில் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகி, பின்னர் புதுத் தீவனத்தோடு கலந்து இறங்குமாயின் கோழிகளுக்குக் கேடு விளையும்.

மேலே இன்னும் சில மூட்டைகளைக் கொட்டினால் பாரத்தினால் அடைப்பு விலகும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது சரியன்று. தொட்டியில் உள்ள தானியத்தின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுவர்களே உராய்வினால் தாங்கிக்கொள்ளுகின்றன என்பதை ஜெர்மனி தேசத்து ஜான்சன் என்னும் எஞ்சினீயர் 1895-ம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். ஆதலால் மேலும் கொட்டுவது அடைப்பைத் தள்ளுவதில்லை, இறுக்கவே செய்யும். வாயின் அகலமும் சுவரின் சரிவும் பொருளின் தன்மைக்கு ஏற்றவாறு அமையவேண்டும் என்பதையும், அவற்றைக் கணக்கிடும் முறையையும் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் ஆராய்ந்த ஆண்ட்ரூ ஜெனிகே 1964-ம் ஆண்டில் வெளியிட்டார். நெல்லுக்கெனக் கட்டிய தொட்டியில் தவிட்டை நிரப்பினால் அடைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

அடைப்பு நேர்ந்தவுடன் ஆட்கள் முதலில் எடுப்பது சம்மட்டி. அடித்த இடங்களில் தகடு உட்புறமாகப் பள்ளம் விழுந்து, அந்தப் புடைப்புகளே பொருள் தங்குவதற்குப் படிகளாகி, மறுமுறை அடைப்பு விரைவில் உண்டாகிறது. சம்மட்டி பயன்படாதபோது ஒருவன் தொட்டிக்குள் இறங்கி மிதிக்கத் துணிகிறான். பிராணாபாயம் இங்கேதான் உள்ளது. வளைவு அவன் காலடியில் இடிந்து விழும். அல்லது சுவரில் ஒட்டி நின்ற குவியல் தலைமேல் சரியும். ஓடும் தானியத்தில் நிற்பவன் 4, 5 விநாடிகளுக்குள் கால் புதைந்து தன்னை விடுவித்துக்கொள்ள இயலாதவனாகி, சுமார் 20 விநாடிகளில் முற்றிலும் மூழ்கிவிடுவான். கூச்சல் கேட்டு ஓடிவருவோருக்குக்கூட அவகாசம் இராது. அமெரிக்காவில் 1987-ம் ஆண்டு வெளியான தானிய நிலைய விதிகள், வளைவு கட்டி நிற்கும் பொருளின் கீழே எவரும் நுழைதல் ஆகாது என்று திட்டமாகத் தடுக்கின்றன.

ஆளை இறக்குவதற்குப் பதிலாக அமைப்பதே வைப்ரேட்டர் என்னும் அதிர்வு யந்திரம். இது ஒரு சிறு மின்மோட்டார். அதன் தண்டின் இரு முனைகளிலும் ஒருபுறம் மட்டும் கனம் கூடிய எடைகள் பூட்டப்பட்டிருக்கும். அவை சுழலும்போது உண்டாகும் ஆட்டம் தொட்டிச் சுவருக்குப் பரவி, சுவருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. காற்றழுத்தத்தினால் எஃகுக் குண்டு ஒன்று வளையத்தினுள் ஓடி அதிரச் செய்யும் வகையும் உண்டு. தூசி மிகுந்த இடங்களுக்கு இவ்வகை உகந்தது. மின்மோட்டாராயின் தூசி புகாத மூடியுள்ளதாக இருத்தல் அவசியம். தானியத் தூசி வெடிமருந்துக்கு ஒப்பானது. 1977-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்து வெஸ்ட்வீகோ என்ற ஊரில் தானியக் கிடங்கு ஒன்றில் தூசி வெடித்து 36 பேர் மாண்டனர்.

யந்திரத்தை வாங்கியவர்களில் பலர் செய்யும் தவறு, வாய் மூடியிருக்கும்போது அதை ஓட்டுவது. மரக்காலில் அளக்கும்போது தட்டினால் நெல் அமிழ்ந்து இறுகுவதை யாவரும் அறிவர், இதுவும் அதுவே. போக வழியில்லாத பொருளை அதிரச் செய்தால் முன்னிலும் கெட்டியாகிவிடும். வாய் திறந்தபின் ஓடவும், மூடுமுன் நிற்கவும் தக்கவாறு ஒரே விசையில் இணைத்துவிடுவது நலம். அப்போதும் சில விநாடிகள் ஓட்டி நிறுத்துவதே போதும்.

பூட்டும் இடம் சரிவான சுவரில், வாயிலிருந்து சரிவின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் இருக்கவேண்டும். யந்திரத்தின் விசை கூம்புப் பாகத்தில் மட்டும் உள்ள பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் சாதாரணமாகப் போதும். அதாவது கூம்பில் 2 டன் கொள்ளுமாயின் 200 கிலோ விசை. தொட்டி முழுவதன் எடையைக் கணக்கில் சேர்த்துப் பெரிய யந்திரம் வாங்குவது பண விரயம்; தகடும் வெடிக்கும். மெல்லிய தகட்டில் நேராகப் பூட்டாமல், சானல் இரும்பு ஒன்றை இடைவிட்டு வெல்டிங் செய்து அதன்மேல் பூட்டுக. கான்கிரீட் தொட்டிகளுக்கு இம்முறை பொருந்தாது.

ஈரமாக நிரப்பிக் கட்டியாகிப்போன தவிட்டை எந்த யந்திரமும் இறக்காது. இரண்டு மூன்று தடவை ஓட்டியும் அசையாவிடில் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, வெளியிலிருந்தே நீண்ட கழியால் மேலிருந்து சிறிது சிறிதாகக் குத்தி இறக்கவேண்டும். அப்போது அடிவாயின் கீழ் எவரும் நிற்கலாகாது.

புதிதாகப் பூட்டிய யந்திரத்தின் மரைகளை முதல் ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி முறுக்கி, அதன்பின் வாரந்தோறும் பார்த்துவரவேண்டும். கழன்று விழுந்தாலும் கீழே நிற்பவர் தலைமேல் வீழாதபடி, யந்திரத்தை மேலே ஒரு வளையத்தோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்துவைப்பது வழக்கம். இதற்கு ஆகும் செலவு அற்பமே.