பிரேக் திடீரென்று போகுமா?

கால் சொல்லும், காது சொல்லும், மூக்கும் சொல்லும்!

"பிரேக் பிடிக்கவில்லை!"

மலைரோட்டில் விபத்து நடந்தால் அடிக்கடி கேட்கும் சொல் இது. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது?" என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

நேற்றும் நன்றாக இருந்திருக்காது! பிரேக் பெரும்பாலும் திடீரென்று போவது இல்லை. பல நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நாம்தான் கவனிப்பது இல்லை.

பழைய பிக்-அப் வண்டி வைத்திருப்பவர்களும், அந்த வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தினரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலை கேட்கும் விலை

திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொடைரோடு. கொடைக்கானல் போகிறவர்கள் ரெயிலை விட்டு இறங்கும் ஊர். அந்தக் காலத்தில் பணக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் மலைமேல் தூக்கிச் சென்றார்கள். முதல் உலகப்போர் நடந்த சமயத்தில்தான் மோட்டார் ஓடும் மலைரோடு வந்தது.

கொடைரோட்டில் இருந்து நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, காட்ரோடு என்று வழி போகிறது. பிறகு மலை. மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். கொடைரோடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கும் மேல்!

சிமெண்டும் மளிகையும் மேலே ஏறுகின்றன. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு கீழே இறங்குகின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். சரக்கோடு 3 டன் எடை உள்ள ஒரு வண்டி 1,800 மீட்டர் இறங்குகிறது. அந்த எடை இறங்கும் சக்தி முழுவதும் சூடாக மாறினால் என்ன ஆகும்? 180 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதாவது, சுமார் பன்னிரண்டு குடம் தண்ணீர்!

இந்தச் சூட்டில் ஒரு பகுதியை என்ஜின் தாங்குகிறது. ஒரு பகுதி காற்றில் போகிறது. மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான்!

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் பெடலை மிதிக்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகிறது. அங்கே லைனிங் விரிந்து டிரம்மில் உரசுகிறது. முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தால், இரண்டு பக்கமும் கட்டைகள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. வண்டி நிற்கிறது.

எண்ணெய் அழுங்காது. காற்று அழுங்கும். இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். பாதி நோய் புரிந்துவிடும்.

கால் சொல்லும் சேதி

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பெடலை மிதித்துப் பாருங்கள்.

*பஞ்சு போல அமுங்குகிறதா?* குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி 'ஏர்' எடுக்க வேண்டும். ஏர் எடுத்த சில நாளில் மறுபடியும் பஞ்சாகிறதா? அப்படியானால் எங்கோ கசிவு இருக்கிறது. திரும்பத் திரும்ப ஏர் எடுப்பது வைத்தியம் ஆகாது.

*முதல் மிதிக்குக் கீழே போய், இரண்டாவது மிதிக்குக் கெட்டியாக நிற்கிறதா?* லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. லைனிங் தேய்ந்திருக்கலாம். கழற்றிப் பார்க்க வேண்டும்.

*அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்குகிறதா?* அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். டப்பாவில் ஆயில் குறைந்தால் வெளியே கசிகிறது. ஆயில் குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். இந்த வண்டியோடு மலை ஏறவே கூடாது!

*கல் போல இறுகியிருக்கிறதா?* பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு. என்ஜினை நிறுத்துங்கள். நான்கைந்து முறை மிதியுங்கள். பிறகு பெடலை மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ, அதன் குழாயோ, காற்றை உறிஞ்சும் பம்போ கெட்டிருக்கிறது.

காது, மூக்கு, கை

'கீச்' என்று சத்தம் வந்தால் லைனிங் தேய்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். தூசி படிந்தாலும் அந்தச் சத்தம் வரும். ஆனால் 'கரகர' என்று இரும்பு உரசும் சத்தம் வந்தால் தாமதிக்கக் கூடாது. லைனிங் தீர்ந்துபோய், இரும்பு டிரம்மை அறுக்கிறது!

பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஒரு சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது. எதிர்ச் சக்கரம் பிடிக்கவில்லை. வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம். லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம்.

ஓடி வந்து நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். தொடவேண்டாம், சுட்டுவிடும்! ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அதில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

மூக்கைக் காரநெடி துளைக்கிறதா? லைனிங் காய்ந்துவிட்டது. பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனாலும் வண்டி நிற்காது.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாதீர்கள். பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள்.

ஆயிலும் கொதிக்கும்!

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட்-3' என்று டப்பாவில் போட்டிருக்கும் புதிய ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறையும். ஆவியும் காற்றைப் போல அழுங்கும். பெடல் தரையைத் தொடும்!

அரை மணி நேரம் நின்று ஆறினால் பெடல் மறுபடியும் சரியாகிவிடும். "ஒன்றும் இல்லை" என்று டிரைவர் புறப்பட்டுவிடுவார். அங்கேதான் ஆபத்து!

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ டீசலோ ஊற்றாதீர்கள். ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

டீசல் மிச்சம், உயிர் செலவு!

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, என்ஜினை நிறுத்தி ஓட்டுபவர்கள் உண்டு. டீசல் மிச்சமாம்! என்ஜின் நின்றால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் சக்தி இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். வண்டியை இழுத்துப் பிடிக்க என்ஜினும் இல்லை.

ஏறும்போது போட்ட சின்ன கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். விட்டு விட்டுப் பிடியுங்கள். நெடி வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெடித்துவிடலாம்.

ஓடும்போதே பிரேக் போய்விட்டால்? பெடலை வேகமாக மிதித்து மிதித்து விடுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹாரனை அடித்துக்கொண்டே இருங்கள். வேறு வழியே இல்லை என்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துங்கள்.

பழகிப்போன கால்

பழைய வண்டியில் மிகப் பெரிய கோளாறு எது தெரியுமா? டிரைவரின் பழக்கம்!

"இரண்டு மிதி மிதித்தால் பிடிக்கும்" என்பார். "கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், அவ்வளவுதான்" என்பார். நோய் தினம் ஒரு நூல் வளர்கிறது. காலும் தினம் ஒரு நூல் பழகுகிறது. அதனால் அவருக்கு எதுவுமே தெரிவது இல்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை வண்டியை வேறு டிரைவரிடம் கொடுங்கள். சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "என்னண்ணே, பிரேக் இப்படி இருக்கு?" என்று அவர் கேட்டால் கோபப்பட வேண்டாம். நேராகப் பட்டறைக்குப் போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. காலையில் வண்டி புறப்பட்டுப் போனதும் அது நின்ற இடத்தைப் பாருங்கள். சக்கரம் நின்ற இடத்தில் ஈரம் இருந்தால் உடனே போன் செய்யுங்கள். வண்டி காட்ரோட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்!