தகட்டைப் படித்து வண்டி வாங்குவது

லேபிளை நம்பி நாம் மூட்டை இறக்குவதில்லை. கைவிட்டு அள்ளிப் பார்க்கிறோம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கும் அதே பாடுதான். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி. காரையே பார்ப்போம். பெரும்பாலானவற்றில் சேஸிஸ் எண் 'ஜி.எச்.என்.' என்று தொடங்கினால் திறந்த வண்டி, 'ஜி.எச்.டி.' என்றால் கூரையுள்ள ஜி.டி. தகடு ஒன்று சொல்லி வண்டி வேறாக நின்றால், விலை பேசவே வேண்டாம்.

அடுத்தது துரு. சேஸிஸ் எண் என்று பேர்தான். தனிச் சேஸிஸ் கிடையாது. கதவின் கீழுள்ள 'ஸில்' பகுதிதான் பாரம் தாங்குகிறது. துருவின்மேல் புதுத் தகடு ஒட்டி, பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. (கலப்படம் நம் தொழிலோடு நிற்கவில்லை!) பழுது பார்க்கையில், கதவு இடைவெளிக்கு முட்டுக் கொடுக்காமல் ஸில்லை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், பிறகு கதவு சரியாக மூடாது.