‘க’வுக்கு எத்தனை நிறம்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளியில் நின்றால், எதிர்ப்படும் எழுத்துகள் ஒரே மொழியில் இருப்பதில்லை. பெங்களூர் லாரிகளின் முதுகில் கன்னடம், ஆந்திர வண்டிகளில் தெலுங்கு, சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பலகைகளில் தமிழும் ஆங்கிலமும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இந்த எல்லைப் பகுதியில் ஏராளம். மூளை ஆராய்ச்சியில் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்பதற்கு இப்படிப்பட்ட ஊர்தான் வேண்டும். எழுத்துக்கு நிறம் உண்டென்றால், அந்த நிறம் ஒட்டிக்கொண்டிருப்பது வடிவத்திலா, ஓசையிலா?

எழுத்துக்கு ஏது நிறம் என்று தோன்றலாம். கறுப்பு மையில் அச்சிட்ட 5 என்ற எண், சிலருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே சிவப்பு. வேறு சிலருக்கு இசை கேட்டால் நிறங்கள் தோன்றும். இன்னும் சிலருக்கு ஒரு சொல்லைக் கேட்டாலே நாக்கில் சுவை தட்டும். சினெஸ்தீசியா எனப்படும் இந்தப் புலன்கலப்பு நோய் அல்ல, மனப்பிறழ்வும் அல்ல. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவது. 2006இல் உளவியலாளர் ஜூலியா சிம்னரின் குழு பிரிட்டனில் நடத்திய ஆய்வில், ஏதோ ஒரு வகைப் புலன்கலப்பு சுமார் 4 சதவீதம் பேரிடம் இருந்தது. எழுத்தும் எண்ணும் நிறமாகத் தெரிவோர் சுமார் 1 சதவீதம்.

ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் வெகுகாலம் விஞ்ஞானிகள் இதை நம்பத் தயங்கினார்கள். கற்பனை செய்கிறார்கள், கவித்துவமாகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கினார்கள். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் கையில் எடுத்த சோதனை மிக எளிது. சொற்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் பிறகொரு நாள் அதே பட்டியலைத் திரும்பக் கேட்க வேண்டும். 1993இல் வெளியான அவருடைய ஆய்வில், புலன்கலப்பு உள்ளவர்கள் ஓராண்டு கழித்தும் 92 சதவீதம் அதே பதிலைச் சொன்னார்கள். மற்றவர்களால் ஒரே வாரத்தில் 38 சதவீதம்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. பாசாங்கு இவ்வளவு நாள் நிலைக்காது.

இந்தத் துறைக்குப் புது வேகம் கொடுத்தவர் நம்மூர்க்காரர். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். கலிபோர்னியாவின் சான்டியாகோவில் எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து 2001இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள் திருப்புமுனையானவை. அவருடைய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு தாள் போதும் என்கிற அளவுக்கு எளிமையானது. கறுப்பு 5கள் சிதறிக் கிடக்கும் தாளில் சில 2களை முக்கோணமாக ஒளித்து வைப்பது. நமக்குத் தேடிப் பிடிக்க நேரமாகும். இரண்டையும் வேறு வேறு நிறமாகக் காண்பவருக்கு முக்கோணம் சீக்கிரம் புலப்பட வேண்டும் அல்லவா? அவர் சோதித்தவர்களுக்கு அப்படித்தான் புலப்பட்டது. பின்னாளில் கூடுதல் பேரை வைத்துச் செய்தபோது அந்தச் சாதகம் ஓரளவுக்கே தெரிந்தது. அறிவியல் இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொண்டு போவதுதான் அழகு.

ராமச்சந்திரன் சோதித்த இன்னொருவருக்கு ஓரளவு நிறக்குருடு. வெளியுலகில் பார்க்கவே முடியாத நிறங்கள் எண்களில் தனக்குத் தெரிவதாக அவர் சொன்னார். அவர் வைத்த பெயர் ‘செவ்வாய்க் கிரக நிறங்கள்’. கண் தராத நிறத்தை மூளையே தர முடியும் என்பதற்கு இதைவிட வியப்பான சான்றை நான் படித்ததில்லை.

ராமச்சந்திரனின் விளக்கம் இது: மூளையின் அடிப்பகுதியில், எழுத்து வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுக்கிடையே வழக்கத்தைவிட அதிகமான இணைப்புகள் இருந்தால், ஒன்று தூண்டப்படும்போது மற்றதும் விழித்துக்கொள்ளும். இணைப்புகள் எல்லோருக்கும் ஒன்றுதான், அவற்றை அடக்கி வைக்கும் கட்டுப்பாடுதான் சிலரிடம் தளர்ந்திருக்கிறது என்போரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

புலன்கலப்பின் சாயல் நம் எல்லோரிடமும் இருக்கிறது என்று காட்ட, ராமச்சந்திரன் தமிழர்களிடமும் ஒரு கேள்வி கேட்டார். வளைந்து குழைந்த ஓர் உருவம், கூர்முனைகள் கொண்ட ஓர் உருவம். இவற்றில் ‘பூபா’ எது, ‘கிகி’ எது? உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929இல் வேறு சொற்களோடு கேட்ட கேள்வி இது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் சரி, இந்தியாவில் தமிழ் பேசுவோரும் சரி, 95 சதவீதத்துக்கு மேல் குழைந்ததையே ‘பூபா’ என்றார்கள். கொழுகொழு, மொழுமொழு, கிறீச் என்றெல்லாம் பேசி வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் குறைவு. 2022இல் 25 மொழிகளில் நடந்த பெரிய ஆய்வில் அது சுமார் 72 சதவீதமாக இறங்கியது. சில மொழிகளில் தெளிவாகத் தெரியவே இல்லை. ஓசையும் வடிவமும் சேரும் விதத்தில் மொழிக்கும் பங்கிருக்கிறது.

குருபரப்பள்ளியின் பிள்ளைகள் முக்கியமாவது இங்கேதான். 5ஐ நிறமாகக் கண்ட ராமச்சந்திரனின் ஆட்களுக்கு, அதையே ரோமானிய எண்ணாக எழுதியபோது நிறம் வரவில்லை. அப்படியானால் வடிவம்தான் காரணம். ஆனால் ஜப்பானில் ஆசானோ, யோகோசாவா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011இல் கண்டது நேரெதிர். ஹிராகானா, கட்டகானா என்ற இரு ஜப்பானிய எழுத்துமுறைகளில் வடிவம் மாறினாலும், ஓசை ஒன்றாக இருந்தால் நிறமும் பெரும்பாலும் ஒன்றே. அமெரிக்காவில் சிலருடைய எழுத்து நிறங்கள், சிறுவயதில் விளையாடிய பிளாஸ்டிக் காந்த எழுத்துகளின் நிறங்களோடு பெருமளவு பொருந்தின. ஆக, பழக்கமும் சேர்கிறது.

தமிழில் கடலைக்கும் தங்கத்துக்கும் பகலுக்கும் ஒரே ‘க’தான், ஓசையோ வேறு வேறு. கன்னடத்திலும் தெலுங்கிலும் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள். அதோடு அந்த இரு மொழிகளின் எழுத்துகளும் ஒன்றுக்கொன்று அக்காள் தங்கை போலிருக்கும். மூன்றையும் படிக்கத் தெரிந்த, எழுத்துகளை நிறமாகக் காணும் ஒரு சிறுமி தங்கத்தின் ‘க’வுக்கு என்ன நிறம் சொல்வாள்? ‘கி’யில் முந்துவது ‘க’வின் நிறமா, ‘இ’யின் நிறமா? ஒரே ஓசை மூன்று வடிவமாகவும், ஒரே வடிவம் மூன்று ஓசையாகவும் ஒரே தலைக்குள் இருப்பது ஆய்வாளர்களுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு. இதே நெடுஞ்சாலையில் ஓசூரைத் தாண்டிப் போனால், மூளை, நரம்பியல் ஆய்வு நடக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறது.

முதல் படியை வகுப்பாசிரியரே எடுக்கலாம். “மிஸ், ஏழு பச்சையா இருக்கு” என்று ஒரு குழந்தை சொன்னால் அதட்டாமல், வண்ணப் பென்சில் பெட்டியைக் கொடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் நிறம் தீட்டச் சொல்லலாம். தேதி போட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த பருவத்தில் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு வெள்ளைத் தாளை நீட்டலாம். இரண்டு தாளும் ஒத்துப்போனால் பெற்றோரிடம் காட்டலாம். வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ இதே அனுபவம் இருந்திருக்கவும் கூடும்.