முன்னோர் வாழ்ந்த இடம்: பெயரும் ஆண்டும்

குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் முன்னோரின் பெயரையும் பிறப்பு இறப்பு நாள்களையும் முயன்று தேடுவர். அவர்கள் வாழ்ந்த இடத்தையோ ‘சிங்கப்பூர்’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவர். இடத்தைச் செவ்வனே குறிக்க, அக்காலத்தார் வழங்கிய பெயரும் ஆண்டும் ஒருங்கே வேண்டும்.

முதலிற் பெயரைக் கொள்வோம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் அமைந்துள்ள பகுதியைத் தமிழர் முன்பு சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கு இருந்தமையே அதற்குக் காரணம். கம்போங் கப்பூர் என்னும் மலாய்ப் பெயரின் பொருளும் அதுவே. அப்பெயர் இன்றும் அருகே ஒரு சாலைக்கு உண்டு. பழங்கடிதத்தில் கண்ட ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்பதை நீக்கிச் ‘சிராங்கூன் சாலை’ என்று மட்டும் எழுதினால் இடம் விளங்கும். அங்கு நடந்த தொழில் மறைந்துவிடும். ஆதலின் வழக்குப் பெயரை உள்ளவாறே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் தருதல் முறையாகும்.

இனி ஆண்டு. தேக்கா சந்தையில் கடை வைத்திருந்தார் என்றால் எந்தச் சந்தை? 1915-இல் எழுந்த பழஞ்சந்தை சிராங்கூன் சாலையின் ஒரு புறத்தே இருந்தது. 1982-இல் அது மறுபுறத்துப் புதிய கட்டடத்திற்கு மாறியது; அக்கட்டடமும் 2000-இல்தான் தேக்கா நிலையம் எனப் பெயர் பெற்றது. ஆண்டு குறியாவிடில் பாட்டனார் கடை சாலையின் எப்புறம் இருந்தது என்பதே தெரியாது போகும்.

தாயகத்து ஊருக்கும் இவ்விதி பொருந்தும். 1950-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த திருவாரூர், 1997 முதல் தன் பெயராலேயே தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

பிறந்த இடத்தையும் வாழ்ந்த இடத்தையும் ஒன்றெனக் கொள்ளுதலும் பிழை. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அவர்தம் பெற்றோர் தீவெங்கும் வாழ்ந்தோர் அல்லரோ? பிறப்புச் சான்றிதழில் மருத்துவமனைப் பெயரோடு நில்லாமல், பெற்றோர் முகவரி இருப்பின் அதனையும் குறித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு பயிற்சியாகத் தரலாம். வழக்குப் பெயர், தெருவும் வீட்டெண்ணும், வாழ்ந்த ஆண்டுகள், சான்று என நான்கு பத்திகள் போதும். சான்று கடிதமாயினும் முதியோர் வாய்மொழியாயினும் அவ்வாறே குறிக்க. பழம்பெயர்கள் பல முதியோர் நாவிலன்றி வேறெங்கும் இல்லை. ஆதலின் கடிதக் கட்டை அவிழ்க்குமுன் அவர்களைக் கேட்டெழுதுதலே முதற்பணி.