வீட்டுச் சீரமைப்பு: கரண்டிக்கு முன் கணக்கு

வயலில் விதைப்பதற்கு முன் விதை எவ்வளவு, எரு எவ்வளவு, ஆட்கூலி எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் நம் உழவர் பெருமக்கள், வீட்டைச் சீர்செய்யும்போது மட்டும் கணக்கை மறந்துவிடுகின்றனர். கொத்தனார் வந்து நின்ற பிறகு மணல் தேடுவதும், சுவர் பாதி எழும்பிய பிறகு கடன் தேடுவதும் நாம் ஊர்தோறும் காணும் காட்சிகளாகும்.

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஓட்டு வீட்டுக்காரர் ஒருவர், மகளின் திருமணத்தை முன்னிட்டு ரூ. 50,000 கடன் வாங்கினார். வட்டி, மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய். வெளிச்சுவருக்கு வண்ணமும், திண்ணைக்குப் பளபளப்பான கல்லும், முகப்புக்கு இரும்புக் கதவும் அமைத்தார். கூரையின் மேல் ஏறிப் பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழையில், கறையான் அரித்திருந்த கைமரங்கள் இரண்டு முறிந்து ஓடுகள் சரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால், உள்ளறையில் அடுக்கியிருந்த குறுவை நெல் நனைந்து முளைவிட்டது. கடனுக்கோ மாதம் ரூ. 1,500 வீதம் ஆண்டுக்கு ரூ. 18,000 வட்டி ஏறியது. முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவர் செலவழித்த தொகை குறைவன்று. செலவழித்த வரிசையே தவறு.

முதலில் எது?

வீட்டிற்குப் பெரும்பகை நீரே. ஆகவே, மழைநீர் செல்லும் வழியே வேலையின் வரிசையும் செல்லவேண்டும். முதலாவது கூரை. இரண்டாவது சுவரின் அடிப்பகுதி. தாழ்வாரத்திலிருந்து சொட்டும் நீர் சுவரடியில் தேங்கினால் கடைக்காலே இளகிவிடும். வீட்டைச் சுற்றிலும் இரண்டடி அகலத்திற்கு வெளிநோக்கிச் சரிவாகத் தளம் போட்டு, நீரை வாய்க்காலுக்கு விடுதல் சிறு செலவில் முடியும் பெரும் பாதுகாப்பு ஆகும்.

மூன்றாவதாக, உடல்நலத்திற்கான வேலைகள். விறகடுப்பு எரியும் வீட்டில் புகைபோக்கியும், அடுக்களைக்குச் சாளரமும் வேண்டும். கழிப்பறைக்கு இரட்டை உறிஞ்சுகுழி முறை ஏற்றது. ஒரு குழி நிரம்பியதும் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டால், முதற்குழியிலுள்ளது ஓரிரு ஆண்டுகளில் மட்கி எருவாகிவிடும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குழி 10 மீட்டரேனும் தள்ளியிருத்தல் நன்று. ஈரச்சுவரில் ஓடும் பழைய மின்கம்பிகளை மாற்றுவதும் இக்கட்டத்திலேயே முடியவேண்டும். தரையும் வண்ணமும் அலங்காரமும் இவற்றிற்குப் பின்னரே.

மதிப்பீடு எழுதும் முறை

கடனைப் பற்றி எண்ணுவதற்கு முன், ஒரு தாளில் நான்கு பத்திகள் வரைந்துகொள்க: வேலை, அளவு, பொருள் விலை, கூலி. ஊகமாக எழுதாமல் நாடாவைக் கொண்டு அளந்தே எழுதவேண்டும்.

எடுத்துக்காட்டாக, மங்களூர் ஓடு வேய்ந்த கூரையைக் கொள்வோம். நூறு சதுர அடி கொண்ட ஒரு சதுரத்திற்கு ஏறத்தாழ 140 ஓடுகள் வேண்டும். சரிவோடு சேர்த்து மூன்று சதுரமுள்ள கூரைக்கு 420 ஓடுகள். பழைய ஓடுகளைக் கழற்றித் தட்டிப் பார்த்து, கணீரென ஒலிப்பவற்றைத் தனியே அடுக்குக. பாதி தேறினால் புதிதாக வாங்கவேண்டியவை 210 மட்டுமே. உடைவுக்குப் பத்துச் சேர்த்து 220 வாங்கலாம். வெவ்வேறு சூளை ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பூட்டிக்கொள்ளா. ஆகையால், பழையவற்றை ஒரு சரிவிலும் புதியவற்றை மறு சரிவிலும் வேய்தல் அறிவுடைமை. கைமரங்களுள் உளுத்தவற்றை மட்டும் மாற்றி, சுவரில் புதையும் முனைகளுக்குத் தார் பூசவேண்டும்.

ஓட்டைப் பிரித்த பிறகே தெரியவரும் பழுதுகள் உண்டு. ஆதலின், மொத்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். கையிருப்பு போதாதெனில் எல்லா வேலைகளையும் அரைகுறையாகத் தொடங்கற்க. கூரையை இவ்வாண்டும் கழிப்பறையை அடுத்த ஆண்டும் என்று பகுத்துக்கொள்க. முடிந்த வேலை ஒன்று, முடியாத வேலை நான்கினும் மேலானது.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

சிமெண்டைக் குறைத்து மணலை மிகுத்தல் சிக்கனம் ஆகாது. ஆனால், சிமெண்டு மூட்டையில் அச்சிட்டுள்ள தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்குவது சிக்கனம். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். பூச்சு வேலையை ஏழு நாளேனும் நீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பதற்குக் காசு செலவில்லை. வீட்டாரின் கை உழைப்பே போதும். மண்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பொருந்தாது. அது மண்ணோடு ஒட்டாமல், ஈரத்தையும் உள்ளே அடைத்து, சில பருவங்களில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். மண்சுவருக்கு மண்பூச்சும் சுண்ணாம்பும் போதும்.

காலமும் ஒரு செல்வமே. தையில் சம்பா அறுவடை முடிந்தபின், மாசி, பங்குனித் திங்கள்களில் கையில் பணமும் இருக்கும், ஆட்களும் கிடைப்பர், கிணற்றில் நீரும் இருக்கும். புரட்டாசியில் கூரையைப் பிரிப்பவர், மழையோடு பந்தயம் கட்டுகிறார்.

பணம் வரும் வழி

பயிர்க்கடனை வீட்டுச் சுவரில் பூசுதல் கூடாது. அடுத்த போகத்திற்கு விதை வாங்கக் கை வறண்டுவிடும். கடன் தவிர்க்க முடியாததாயின், தனியாரிடம் செல்வதற்கு முன் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் மகளிர் சுய உதவிக் குழுவையும் நாடுக.

அரசு உதவியைப் பற்றியும் ஒரு சொல். 2014 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் தனிநபர் கழிப்பறைக்கு ரூ. 12,000 ஊக்கத்தொகை அமைந்தது. 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு ரூ. 3.5 இலட்சம் என வகுக்கப்பட்டது. இத்தகைய வீட்டுத் திட்டங்களில் தொகை ஒருசேர வருவதில்லை; வேலை ஒவ்வொரு கட்டத்தை எட்டியபின் தவணையாக வரும். பணி ஆணை கைக்கு வருமுன் இருக்கும் குடிசையைப் பிரித்துவிட்டு, மழையில் உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கிய குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். தகுதியையும் தவணையையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடப்பாரையை எடுக்கவேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. மே 1ஆம் நாள் கிராம சபையில் தத்தம் வார்டில் மழை தாங்காத வீடுகளைப் பட்டியலிடலாம். ஆகஸ்டு 15ஆம் நாள் சபைக்குள் எவை சீராயின என்று பார்க்கலாம். ஒரே தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து மணலும் ஓடும் ஒரே வண்டியில் இறக்கினால் வண்டிச் சத்தம் ஐந்தாகப் பகிரப்படும். துணையற்ற முதியோர், கைம்பெண்கள் ஆகியோரின் வீடுகளைப் பட்டியலின் தலைப்பில் வைத்தல் நம் கடமை.

இவ்வாண்டு வண்ணம் பூசாவிட்டால் வீடு விழுந்துவிடாது. கூரையைக் கவனியாவிட்டால் விழுந்துவிடக்கூடும். ஆகவே, உழவர் பெருமக்கள் ஓர் ஏணியும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு, இன்றே தம் கூரையிலிருந்து கணக்கைத் தொடங்குவார்களாக.