முதுமையின் வரவுக் கணக்கு

அஸ்தினாபுரம் என்றதும் நமக்குப் பாரதக் கதைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அரசும் அரண்மனையும் இருந்தும் கிழவராகிய திருதராஷ்டிரர் உறக்கமின்றித் தவித்து, நள்ளிரவில் விதுரரை அழைத்தார். குரோம்பேட்டையை அடுத்த நமது அஸ்தினாபுரத்தில் அரண்மனை ஏது? ஆயினும் இங்கும் முதியோர் சிலருக்கு இரவு நீளத்தான் செய்கிறது. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள், முழங்கால் வலிக்கிறது, பழைய மனத்தாங்கல்களோ படுக்கையில் கூடவே புரளுகின்றன.

இந்நோய்க்கு மருந்து அறிந்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1855-இல் பிறந்த அவர், 1940-இல் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். தமக்குத் தமிழ் புகட்டிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும், 1880-இல் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரிப் பதவியைத் தமக்கு வாங்கித் தந்த தியாகராச செட்டியாரையும் அதில் அவர் உருகி நினைக்கிறார். திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயரே ‘தியாகராஜ விலாசம்’. அறுபது ஆண்டுகள் சென்றும் அந்த நன்றி பழசாகவில்லை.

நாமும் உறங்குமுன் இப்படி ஒரு வரவுக் கணக்குப் பார்க்கலாம். கீரைக்காரம்மாள் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலை, மாலையில் வீசிய வேப்பங்காற்று, தொலைபேசியில் பேத்தி ‘தாத்தா’ என்று அழைத்த குரல் எல்லாம் வரவுதான். இதனால் வலி தீராது; மகன் நாளைக்கே திரும்பிவிடவும் மாட்டான். ஆனால், உதவியவரைப் பெயர் சொல்லி நினைப்பவருக்குத் தனிமை பாதியாகிறது. அவர்களில் உயிரோடு இருப்பவரிடம் அதை இன்றே சொல்லிவிட்டால், மீதிப் பாதியும் குறையும்.