ஒரிஜினல் சி.டி. கேட்கும் கம்ப்யூட்டர்

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ல் உருவான இக்ரிசாட், சோளம், கம்பு, துவரை என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைக் குளிரில் காத்து வருகிறது. நார்வேயின் ஸ்வால்பார்டிலும் நகல் உண்டு. ஏறக்குறைய இதைத்தான் விண்டோஸ் 2000-ல் மைக்ரோசாஃப்டும் செய்தது. முக்கிய ஃபைல்களின் நகல்களை 'டிஎல்எல்கேஷ்' என்ற ஃபோல்டரில் ஒளித்து வைத்தது. புதிதாக ஏற்றும் புரோகிராம் எதுவும் அவற்றின் மேல் கை வைத்தால், சத்தமில்லாமல் பழையதைத் திருப்பி வைத்துவிடும். நகலும் கெட்டிருந்தால்தான் வம்பு. 'விண்டோஸ் சி.டி.யைப் போடுங்கள்' என்ற எச்சரிக்கை வரும். எக்ஸ்பியிலும் இதே கதை.

திருட்டு சி.டி.யில் ஏற்றிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர்காரர் எங்கே போவார்? 'கேன்சல்' பட்டன்தான் கதி. ஆனால் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் வைரஸோ, பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கோ காரணமாக இருக்கலாம். குடும்பப் போட்டோக்கள், கணக்குவழக்குகளை முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். அப்புறம் வைரஸ் சோதனை, டிஸ்க் சோதனை. 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளை கடைசியில்தான். முந்திக்கொண்டால், சரிசெய்த ஃபைலை வைரஸ் மறுபடி கெடுக்கும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'டிஸ்ம்' கட்டளை நல்ல ஃபைல்களை இன்டர்நெட்டிலிருந்தே இறக்கிக்கொள்கிறது, சி.டி.யைத் தேட வேண்டியதில்லை.